சாம்பல் குழியில் விழுந்த அடி

"விடுடா கயிறை! இறங்குறது நான்!"

"நீயா? போய்ச் சமையல் கூடாரத்துல உருளைக்கிழங்கு..."

"புரொபசர் என்னைத்தான்..."

"...உரி, நர்சிசா! போ!"

சொன்னதோடு நிற்காமல் பௌஸ்தோ என்னைத் தோளில் பிடித்துத் தள்ளினான். சேற்றில் விழுந்தேன்.

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். அன்றைக்கு அந்தக் கயிறு என் கையில்தான் இருந்தது.

1974. ஈக்வடாரில், லாத்தாகுங்கா ஊருக்கு மேலே எரிமலைச் சரிவு. நாங்கள் இருவரும் நிலவியல் மூன்றாம் ஆண்டு. பழைய வெடிப்புகளின் சாம்பல் அடுக்குகளைப் பார்க்க இரண்டு ஆள் ஆழத்துக்குக் குழி வெட்டியிருந்தோம். அடி அடுக்கைப் பெயர்த்துக் கொண்டுவருகிறவருக்குத்தான் புரொபசர் ஒபாந்தோவின் ஆராய்ச்சியில் இடம். ஒரே ஓர் இடம்.

பௌஸ்தோ இடுப்பில் கயிற்றைக் கட்டிக்கொண்டான். வறுத்த சோளத்தை மென்றபடியே இறங்கினான். மறுமுனையை நான் பிடித்தேன். ஆத்திரம் அடங்கவில்லை.

மதியம் மூன்று பத்து. பனிமூட்டம் இறங்கியது. குழி தெரியவில்லை. சுத்தியல் சத்தம் மட்டும்.

டக்... டக்...

பிறகு, டக்-டக். டக்-டக்.

இரண்டு சுத்தியல்.

"பௌஸ்தோ, கூட யாரு?"

"நீ ஏன்டி இறங்கினே? மேலே போ!"

"நான் மேலேதான் இருக்கேன்!"

சத்தம் நின்றது.

"அப்போ... இது..."

தொப்.

கல்லில் விழுந்த அடி இல்லை. சதையில்.

"அடிக்காதே! நர்சிசா, அடிக்காதே!"

இழுத்தேன். கயிறு கீழே போயிற்று. யாரோ என்னைவிடப் பலமாக இழுத்தார்கள். உள்ளங்கைத் தோல் உரிந்தது.

தொப்... தொப்...

எலும்பு முறிந்தது. அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

கயிறு தளர்ந்தது.

என் அலறலைக் கேட்டு ஓடிவந்தவர்கள் அவனை வெளியே தூக்கினார்கள். தோள்பட்டை நொறுங்கியிருந்தது. முதுகெல்லாம் சதுரம் சதுரமாகக் காயம். எங்கள் சுத்தியலின் அடிக்கும் முனையும் அதே சதுரம், அதே அளவு. குழிக்குள் வேறு யாரும் இல்லை. சேற்றில் அவன் பூட்ஸ் தடம் மட்டும்.

"காலையிலேர்ந்து ரெண்டு பேருக்கும் சண்டை. நீதானே?" என்றார் புரொபசர்.

கைகளை விரித்தேன். கயிறு அறுத்த கோடுகளில் ரத்தம் வழிந்தது. அதற்குமேல் அவர் கேட்கவில்லை. ஆராய்ச்சி இடம் எனக்கு வந்தது.

ஆஸ்பத்திரியில் பௌஸ்தோ ஒன்றையேதான் சொல்லிக்கொண்டிருந்தானாம். "அவதான். அவ முகம்தான். ஆனா இடது கண்ணு இல்ல." காய்ச்சலில் உளறுகிறான் என்று விட்டுவிட்டார்கள்.

பதினொரு வருடம் கழித்து, மாணவர்களை ஒரு கல்குவாரிக்கு அழைத்துப் போயிருந்தேன். ஒரு மாணவி சுத்தியலை ஓங்கி அடித்தாள். கல்லிலிருந்து சில்லு தெறித்தது.

என் இடது கண்ணில். கண் போயிற்று.

கித்தோ நகர ஆஸ்பத்திரியில் கண்கட்டைப் பிரித்த அன்று பௌஸ்தோ பார்க்க வந்தான். வாசலைத் தாண்டவில்லை. என் முகத்தையே பார்த்தான். நொறுங்கிய தோளை மற்றொரு கையால் மூடிக்கொண்டான்.

"இதே முகம்தான்... நான் உனக்கு என்னடி பண்ணினேன், அப்படி அடிச்சே?"