கார்டு கொளுத்த விடாத மதியம்

கார்டு அண்ணனை நினைத்தால் எனக்கு முதலில் தெரிவது அவர் தோளில் கிடந்த துண்டுதான். செய்யூர்ப் பக்கம், கடலோரச் சவுக்குத் தோப்பின் ஓரத்தில், புரட்டாசி மாதத்து மதிய வெயிலில் அவர் கடலைப் பார்த்து நிற்கிறார். துண்டின் நுனி அசையவில்லை. சவுக்குத் தோப்பு எப்போதும் சும்மா இருக்காது. வெளியே காற்று இல்லாதபோதும் உள்ளே ஓர் இரைச்சல் ஓடிக்கொண்டே இருக்கும். அன்று அதுவும் இல்லை. அவருக்குப் பின்னால் அவருடைய அக்கா கையில் தீப்பெட்டியோடு நிற்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் நான் நிற்கிறேன்.

அவர் வனத்துறையில் காவலர். ஊரில் எல்லோருக்கும் கார்டு, எனக்குக் கார்டு அண்ணன். நான் அவரிடம் தீக்காவலுக்கு நாள் கூலியில் இருந்தேன். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவன். நாலு பேர் கூடி நின்றால் ஐந்தாவதாகப் போய் நிற்கக் கூச்சப்படுகிறவன். தோப்பைச் சுற்றி நடந்து, எங்காவது புகை தெரிகிறதா என்று பார்க்கும் வேலை எனக்குப் பொருந்தியது. மரங்களிடம் பேச வேண்டியதில்லை.

பேச வேண்டிய வேலை எல்லாம் அவருடையது. அரசாங்கத் தோப்பை ஒட்டி ஊர்க்காரர்களின் பட்டா நிலங்கள் இருந்தன. அவர்களும் சவுக்குதான் வைத்திருந்தார்கள். மரம் வெட்டி முடிந்ததும் தரையில் கணுக்கால் மூழ்கும் அளவுக்குச் சருகும் சிறு குச்சிகளும் கிடக்கும். அதைக் கொளுத்திவிட்டுத்தான் மறு நடவு. கொளுத்துவதற்கு முன்னால் அவரிடம் சொல்ல வேண்டும். அவர் வந்து பார்ப்பார். நிலத்தைச் சுற்றிச் சருகைச் சுத்தமாக வாரி, வெறும் மணல் தெரிகிற மாதிரி ஒரு பாதை வெட்டியிருக்க வேண்டும். அதைக் கோடு என்போம். சருகைச் சிறு குவியல்களாகப் பிரித்திருக்க வேண்டும். தண்ணீர் இருக்க வேண்டும், அடித்து அணைக்கப் பச்சைத் தழை இருக்க வேண்டும். எல்லாவற்றையும்விட, விடியற்காலையில், பனி காய்வதற்குள் கொளுத்தி முடிக்க வேண்டும். வெயில் ஏறிவிட்டால் கடல்காற்று எந்த நேரத்திலும் வரும். வந்தால் நெருப்பு மேற்கே போகும். மேற்கே குடிசைகள் இருந்தன, பெரும்பாலும் கீற்று வேய்ந்தவை.

சிலர் சொல்லிவிட்டுக் கொளுத்தினார்கள், சிலர் சொல்லாமல் கொளுத்தினார்கள். சொல்லாதவர்களில் ஒருவர் அக்காவின் பக்கத்து நிலத்துக்காரர். பட்டப்பகலில் பற்ற வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் படுத்திருந்தவரை, அதற்கு முந்தைய வாரம்தான் கார்டு அண்ணன் எழுப்பினார். நாங்கள் இருவரும் வாளி வாளியாக ஊற்றி அந்த நெருப்பை அணைத்தோம்.

அக்காவுக்கு இருந்தது அந்த ஒரு நிலம்தான். புருஷன் இல்லை. சவுக்கு வளர நாலு வருஷம் ஆகும். அந்த நாலு வருஷத்தைத் தாண்டி, கீற்றை எடுத்துவிட்டு ஓட்டு வீடு போட வேண்டும் என்பது அவருடைய கணக்கு. நர்சரியில் கன்று வர ஒரு வாரம் ஆகும் என்று சொல்லியிருந்தார்கள். அன்று மதியமே லோடு ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கிவிட்டார்கள். வேர் வெளியே தெரிகிற கன்றுகள், கட்டுக் கட்டாக ஈரச் சாக்குக்குள். மறுநாள் காலை நடுவதற்கு ஆளையும் பிடித்துவிட்டார் அக்கா. நிலத்தில் சருகு அப்படியே கிடந்தது. கோடு வெட்டவில்லை, குவிக்கவும் இல்லை.

"இப்பவே கொளுத்திடறேன்டா" என்றார்.

"வேணாங்கா. காத்து வரும்."

"காத்து எங்கடா கீது? உன் துண்டப் பாரு, செத்த பாம்பு மாதிரி தொங்குது."

"இப்ப இல்ல. கடக்காத்து இன்னா சொல்லிட்டா வரும்? வெடியகாலைல கொளுத்து. கோட்டை நாங்க வெட்டித் தர்றோம். நானே வந்து நிக்கறேன்."

"ராத்திரி மழ வந்தா? கொட புடிச்சிகினு நிப்பியா?"

"உன் வூடும் அந்தப் பக்கம்தான் கீது."

"என் வூடு எரிஞ்சா எரியட்டும். அது என் பாடு."

"பக்கத்து வூடு?"

அக்கா பதில் சொல்வதற்குள் பக்கத்து நிலத்துக்காரர் மோட்டார் சைக்கிளில் வந்து காலை ஊன்றி நின்றார். யார் சொல்லி வந்தார் என்று தெரியாது. தீப்பெட்டியைப் பார்த்துச் சிரித்தார்.

"இன்னா கார்டு, அக்கா நெலத்துல இன்னைக்கே தீவாளியா? எங்க நெருப்புன்னா வாளிய தூக்கினு ஓடியாந்த. நடத்து, நடத்து."

 கார்டு அண்ணன் கடலைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டார். அவர் மறுத்தது காற்றுக்காகவா, அந்த ஆளுக்காகவா என்று பின்னால் பலமுறை யோசித்திருக்கிறேன். இரண்டும்தான் என்று நினைக்கிறேன். அன்று அக்காவை விட்டிருந்தால் அடுத்த நாள் முதல் அவர் சொல்லை அந்தக் கரையில் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். அக்காவுக்கும் அது தெரியும். தெரிந்ததால்தான் கோபம் அதிகம் என்று எனக்குப் பட்டது.

தீப்பெட்டியை என் கையில் வைத்தார். "வெச்சிக்கோ தம்பி. உங்க ஆபீசரு பீடி பத்த வெக்கட்டும்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கார்டு அண்ணன் சாயங்காலம் வரை அங்கேயே நின்றார். கோடு வெட்டலாம் என்று என்னிடம் மண்வெட்டியைக் கொடுத்துவிட்டு, நான் வெட்டுகிற நேரத்திலும் கடலைப் பார்த்துக்கொண்டே இருந்தார். காற்று வரவில்லை. அந்த வருஷத்திலேயே காற்று வராத ஒரே பகல் அதுவாகத்தான் இருக்கும். இருட்டியதும் மழை பிடித்துக்கொண்டது. விடிந்தும் விடவில்லை. ஒரு நாள் வெறித்தால் மறுநாள் பெய்தது. சருகு ஊறிக் கஞ்சியாகிவிட்டது. சருகுக்கு நடுவே குழி தோண்டி நடவும் பார்த்தார்கள், முடியவில்லை. சாக்குக்குள் இருந்த கன்றுகள் பழுத்து, பிறகு வேர் அழுகிப் போயின. அவற்றை வரப்போரமாகக் கொட்டியதை நான்தான் பார்த்தேன். அந்த நிலம் ஒரு வருஷம் கோரை முளைத்துக் கிடந்தது.

காற்று வந்திருந்தால் அவர் சொன்னது சரி என்று ஆகியிருக்கும். தீ பிடித்திருந்தால் ஊரே அவர் பேச்சைச் சொல்லிச் சொல்லி மாய்ந்திருக்கும். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காத தீயை யாருக்கும் காட்ட முடியாது. அழுகின கன்றைக் காட்டலாம். அவரும் எதையும் காட்டப் பார்க்கவில்லை. 'ஒருவேளை காத்து அடிச்சிருந்தா' என்று அவர் வாயிலிருந்து நான் ஒருமுறை கூடக் கேட்டதில்லை. தோப்பைச் சுற்றி நடக்கையில் ஒரே ஒரு தடவை, "நீ இன்னா நெனக்கற?" என்று கேட்டார். எனக்குப் பதில் வரவில்லை. கொஞ்ச தூரம் நடந்த பிறகு, "நானும் அதான் நெனக்கறேன்" என்றார்.

இப்போது அவர் ஓய்வு பெற்று, கூடுவாஞ்சேரியில் மகன் வீட்டில் இருக்கிறார். போன மாதம் பார்க்கப் போனேன். எதிரே காலி மனையில் யாரோ குப்பையைப் பற்ற வைத்துவிட்டுப் போயிருந்தார்கள். பிளாஸ்டிக் நாற்றம் மாடி வரை வந்தது. இறங்கிப் போய்ச் சொன்னால், "நீ யாரு பெரிசு?" என்று கேட்கிறார்களாம். அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். ஒரு காலத்தில் அவர் யார் என்று கேட்க வேண்டிய தேவை யாருக்கும் இருந்ததில்லை. ஆனால் அந்தக் காலத்திலும், அந்த மதியத்துக்குப் பிறகு, கூடப்பிறந்த அக்காவே ஒரு வருஷம் அவரோடு பேசவில்லை.

பேசவில்லை என்றால், நேராகப் பேசவில்லை. மீன் குழம்பு வைத்தால் பாதி தூக்குப் பாத்திரத்தில் தம்பிக்கு வரும். நான்தான் வாங்கிப் போவேன். "ஆபீசர் கிட்ட சொல்லு, பாத்திரத்த கழுவித் தரச் சொல்லு. சட்டத்துல அதுக்கும் எடம் இல்லியான்னு கேளு" என்பார் அக்கா. கார்டு அண்ணன் சாப்பிட்டு முடித்து, "புளி ஜாஸ்தியா கீதுன்னு சொல்லு" என்பார். நான் குழம்பைக் கொண்டுபோய்க் கொடுப்பேன், பாத்திரத்தைத் திரும்பக் கொண்டுவந்து கொடுப்பேன். சொற்களை வழியிலேயே விட்டுவிடுவேன். வாயில்லாத ஆள் தூது போவதில் அந்த ஒரு வசதி உண்டு. ஆனால் பாத்திரம் எப்போதும் கழுவித்தான் திரும்பியது.

மறு வருஷம் ஆடி கழிந்ததும் அக்கா தோப்புக்கு வந்தார். கார்டு அண்ணன் அங்கேதான் இருந்தார். அக்கா என்னைப் பார்த்து, "கொளுத்தணும். இன்னா செய்யணும்னு கேட்டுச் சொல்லு" என்றார். நான் திரும்புவதற்குள் அவர் என்னைப் பார்த்து, "கோரைய அறுத்துக் காய வுடச் சொல்லு. கோடு நாலு பக்கமும் வெட்டணும்" என்றார். மூவரும் கைக்கெட்டும் தூரத்தில்தான் நின்றோம்.

அக்கா கோட்டைத் தானே வெட்டினார், கேட்டதைவிட அகலமாக. விடியற்காலையில் நான் போனபோது குடங்களில் தண்ணீர் இருந்தது, வேப்பந்தழை கட்டாக இருந்தது, குவியல்கள் பனியில் நனைந்து இருந்தன. மேற்குக் குடிசைகளில் நாலைந்து பேரிடம் முன்னமே சொல்லியிருந்தார் போல, அவர்களும் வாளியோடு வந்து நின்றார்கள். கார்டு அண்ணன் கோட்டைச் சுற்றி ஒருமுறை நடந்துவிட்டு வந்து தலையாட்டினார். அக்கா பற்ற வைத்தார்.

ஈரக் கோரை மெதுவாகத்தான் எரிந்தது. புகை அதிகம், தணல் கம்மி. ஒரு குவியல் அடங்கிய பிறகு அடுத்தது. நடுவில் எங்கிருந்தோ ஒரு காற்று வந்து, ஒரு பொறி கிளம்பிப் போய்க் கோட்டு மணலில் விழுந்தது. சிவப்பாக இருந்து கறுப்பானது. பார்த்தது நான் மட்டும்தான் என்று நினைக்கிறேன். சொல்லவில்லை, சொல்ல அதில் ஒன்றும் இல்லை.

வெயில் வந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. தண்ணீர் தெளித்தோம். வந்தவர்கள் வாளிகளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். அக்காவும் கிளம்பப் போனார். கார்டு அண்ணன் என்னைக் கூப்பிட்டு, "சாம்பலுக்குள்ள கைய வுட்டுப் பாத்துட்டுப் போவச் சொல்லு. மேல ஆறியிருக்கும், உள்ள சுடும்" என்றார்.

நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அக்கா திரும்பி வந்து குந்தி உட்கார்ந்து, ஒரு குவியலுக்குள் கையை மணிக்கட்டு வரை விட்டார். அப்படியே கொஞ்ச நேரம் வைத்திருந்தார். கார்டு அண்ணன் பக்கத்தில் குனிந்து நின்று அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். அக்கா கையை எடுத்தார், அடுத்த குவியலுக்கு நகர்ந்தார். பிறகு அடுத்தது. கடைசிக் குவியலில் கையை வைத்துக்கொண்டே நிமிர்ந்து பார்த்தார்.

"சுடலடா" என்றார்.

என்னிடம் சொல்லவில்லை.