சுவரா சமைக்கப் போகுது?

“டீ போடுங்க,” என்கிறார். உட்காரச் சொன்னால் உட்காருவதில்லை. “எனக்கு இல்லீங்க, உங்களுக்கு. தினம் எப்படிப் போடுவீங்களோ அப்படியே போடுங்க. நான் இங்க இல்லைன்னு நெனச்சுக்கங்க.” நல்ல ஆகிருதியான ஒரு பெண்மணி, ஆறடிக்கு ஐந்தடி சமையலறையின் வாசலை அடைத்துக்கொண்டு, கையில் சாக்பீஸோடு நிற்கும்போது அவர் இல்லை என்று எப்படி நினைப்பது? என் மனைவி நினைத்துத்தான் பார்த்தாள். பதற்றத்தில் சர்க்கரைக்குப் பதிலாக உப்பைப் போட்டாள். அந்த டீயைக் குடித்தவன் நான்.

வீட்டு வசதி வாரியத்தில் அவருக்குப் பெரிய பதவிப் பெயர் ஒன்று இருக்கிறது. நடுவில் மூச்சு வாங்காமல் அதைச் சொல்ல முடியாது. எங்கள் குடியிருப்பில் அவர் ‘டீ ஆபீசர்’. நேரில் பேசும்போது மேடம். வாரியம் குறைந்த வாடகைக்கு விட்டிருக்கும் நாற்பத்தெட்டு வீடுகள் எங்களுடையவை. கட்டி முப்பத்தொரு வருடம் ஆகிறது. இப்போதுதான் எங்கள் சமையலறையும் குளியலறையும் வாரியத்தின் கண்ணில் பட்டிருக்கின்றன. பழைய மேடை, அலமாரி, குழாய், தொட்டி எல்லாவற்றையும் பெயர்த்துப் போட்டுவிட்டுப் புதிதாக வைத்துத் தருகிறார்கள். வாடகையை ஏற்ற மாட்டார்களாம். உடைக்க ஆள் வருவதற்கு முன்னால் வீடு வீடாக வந்து அளவெடுத்துப் போவது இவர் வேலை.

இவர் வரும் தேதி அறிவிப்புப் பலகையில் ஒட்டப்பட்டதும் குடியிருப்பே தேய்க்க ஆரம்பித்துவிட்டது. இன்னும் மூன்று வாரத்தில் சம்மட்டி விழப்போகிற மேடையை என் மனைவி இரண்டு நாள் உட்கார்ந்து தேய்த்தாள். “உடைக்கப் போறதுக்கு எதுக்கும்மா இந்தத் தேய்ப்பு?” என்றேன். “உடைக்கிறவங்க என்ன நெனைப்பாங்க?” என்றாள்.  வாளியில் தண்ணீர் கொண்டுவந்து வைத்தேன்.

வந்தவர் பளபளவென்றிருந்த மேடையைப் பார்த்ததும் முகம் வாடிப்போனார். “ஐயோ, தொடச்சிட்டீங்களா? அழுக்குதாங்க எனக்கு எல்லாத்தையும் சொல்லும். கை எங்க படுது, கரண்டியை எங்க வெக்கிறீங்க, எந்த அலமாரியை ஒரு நாளைக்கு இருபது தடவை திறக்கிறீங்க... இப்ப யாரைக் கேக்கறது?” என் மனைவிக்குப் பெருமைப்படுவதா வருத்தப்படுவதா என்று தெரியவில்லை. கடைசியில், துடைக்க மறந்துபோன அலமாரிக் கதவின் அடிவிளிம்பில் ஒரு கறுப்புக் கறை அகப்பட்டது. மேடம் அதன் முன்னால் குந்தி உட்கார்ந்து, தொலைந்துபோன உறவைக் கண்டுபிடித்தவர்போல் சிரித்தார். “கை ரெண்டும் வேலையா இருக்கறப்ப காலால திறப்பீங்க, இல்ல?” என் மனைவி அதை என்னிடமே முப்பத்தொரு வருடமாக மறைத்து வைத்திருந்தாள்.

டேப் வைத்திருக்கிறார். ஆனால் அதை எடுப்பது கடைசியில்தான், அதுவும் வேண்டாவெறுப்பாக. டீ கொதிக்கும்போது பின்னாலேயே நின்று, கை எட்டிய இடத்தில் ஒரு கோடு, முழங்கை மடங்கிய இடத்தில் ஒரு கோடு, கால் ஊன்றிய இடத்தில் தரையில் ஒரு வட்டம் என்று போட்டுக்கொண்டே போகிறார். “சுவத்தை அளந்து சுவத்துக்கு ஏத்த மாதிரி செஞ்சு குடுத்துட்டுப் போனா, நாளைக்கு சுவரா சமைக்கப் போகுது?” என்பது அவர் அடிக்கடி கேட்கும் கேள்வி. பதில் சொல்ல வேண்டியதில்லை. அவரும் எதிர்பார்ப்பதில்லை.

குளியலறையில் இன்னும் வேடிக்கை. செருப்பைக் கழற்றிவிட்டு நம்மை உள்ளே நிற்க வைக்கிறார். “கண்ணுல சோப்பு. கண்ணை மூடுங்க. குழாயைத் தேடுங்க.” ஐம்பத்தெட்டு வயதில், முழுச் சட்டை கால்சட்டையோடு, இல்லாத சோப்புக்குக் கண்ணை மூடிக்கொண்டு நான் காற்றைத் துழாவினேன். என் கை குழாய்க்கு ஒன்றரைச் சாண் தள்ளிச் சுவரில் போய் நின்றது. அந்த இடத்தில் கோடு போட்டார். “கை சரியாத்தான் போகுது. குழாய்தான் தப்பான எடத்துல இருக்கு,” என்றார். முப்பத்தொரு வருடமாக நான்தான் தடுமாறுகிறவன் என்று நினைத்திருந்தேன். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்குக் கோயிலே கட்டலாம்.

சுவரில் பதிக்கும் டைல்ஸ் தேர்ந்தெடுக்க மூன்று நிறம் காட்டுகிறார். வெள்ளை, பால் வெள்ளை, நேற்றைய பால் வெள்ளை. அதற்கு மட்டும் அவர் பொறுப்பில்லையாம். “அது மேல இருக்கறவங்க எடுத்த முடிவுங்க,” என்று கூரையைக் காட்டுகிறார்.

அவர் வீட்டுச் சமையலறை எப்படி இருக்கும் என்று கேட்டுவிட்டேன். எனக்கு வாய் சும்மா இருக்காது. தனியார் வீட்டில் வாடகைக்கு இருக்கிறாராம். குழாயில் ஏழு வருடமாகத் துணி கட்டியிருக்கிறதாம். “எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, ஒரு நாள் நம்ம வீட்டுக்கும் ஆபீசரா வந்துட்டுப் போயேன்னு.” சொல்லிவிட்டு அவரே விழுந்து விழுந்து சிரித்தார். ஊருக்கு உபதேசம் என்று நான் மனதுக்குள் சொல்லிக்கொண்டதும் அவருக்குத் தெரிந்திருக்கும். அப்படி ஒரு பார்வை பார்த்தார்.

டீ போடச் சொல்லும் பழக்கம் எப்போது வந்தது என்று கேட்டபோது மட்டும் சிரிப்பு நின்றது. வேலைக்குச் சேர்ந்த புதிதில், வேறொரு குடியிருப்பில், அறுபது வீட்டுக்கும் ஒரே அளவு எழுதிக் கொடுத்தாராம். புத்தகத்தில் உள்ள அளவு, தரையிலிருந்து மேடைக்குத் தொண்ணூறு சென்டிமீட்டர். சீக்கிரம் முடித்தார் என்று அலுவலகத்தில் பாராட்டினார்கள். ஒரு வருடம் கழித்து அந்தப் பக்கம் போனபோது பார்த்திருக்கிறார். “போற வீட்டுல எல்லாம் ஒரு பலகைங்க. அடுப்புக்கு முன்னாடி தரையில ஒரு பலகை. எட்டாதவங்க அது மேல ஏறி நின்னு சமைக்கறாங்க. பதினாலு வீடு எண்ணினேன். பதினஞ்சாவது வீட்டுல பலகை இல்ல. அந்தம்மா பலகையிலேருந்து வழுக்கி, கொதிக்கிற பாத்திரத்தோட விழுந்து ஆஸ்பத்திரியில கெடந்தாங்க. சுவத்தை நான் ஒரு மில்லிகூடத் தப்பா அளக்கல, சார்.” அதைச் சொல்லும்போது உள்ளங்கையிலிருந்த சாக்பீஸை இரண்டாக ஒடித்துவிட்டார். ஒடித்தது அவருக்கே தெரியவில்லை.

நாற்பத்தேழு வீடுகள் முடிந்தன. பாக்கி ஒன்று, என் தலைக்கு மேலே உள்ள வீடு.

மேல்வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். கல்யாணம் ஆகாதவர். ஆறடிக்கு மேல் உயரம். எங்கள் படிக்கட்டுத் திருப்பத்தில் குனிந்துதான் ஏறுவார். அவர் குளியலறைத் தொட்டியில் எங்கோ விரிசல். ஆறு மாதமாக என் குளியலறைக் கூரை சொட்டுகிறது. நான் குடை பிடித்துக்கொண்டு பல் தேய்க்காதது ஒன்றுதான் பாக்கி. அப்படி இருக்க, அளவெடுக்க வந்த மேடத்துக்கு அவர் இரண்டு தடவை கதவைத் திறக்கவில்லை. மூன்றாவது தடவையும் திறக்காவிட்டால் வீட்டைப் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள். அடுத்த முறை வருவதற்குள் நான் பேரன் பேத்தி எடுத்து அவர்களும் நனைந்துகொண்டிருப்பார்கள்.

ஏன் திறக்கவில்லை என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. எட்டு மாதத்துக்கு முன்னால் அவருடைய அக்கா, புருஷன் வீட்டை விட்டு, ஒரே ஒரு பையோடு வந்து சேர்ந்தார். முகத்தை நாங்கள் பார்த்ததில்லை. அந்தம்மா வெளியே வருவதே இல்லை. ஒருவருக்கென்று ஒதுக்கிய வீட்டில் பதிவில்லாமல் இன்னொருவர் தங்கினால் வாரியம் வீட்டைத் திரும்ப எடுத்துக்கொள்ளும். பதிவு செய்யக் காகிதங்கள் வேண்டும். காகிதங்களெல்லாம் விட்டு வந்த வீட்டில் இருக்கின்றன. அவற்றைக் கேட்டுப் போக யாருக்குத் துணிச்சல் வரும்?

மூன்றாவது தடவை போகும்போது குடியிருப்போர் சங்கத்திலிருந்து ஒருவர் கூடப் போய்ச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும் என்பது விதி. வேறு யாரும் முன்வராததால் சங்கத்துக்குச் செயலாளர் நான். போனேன். உள்ளே இருப்பவர் எப்படி இருப்பார் என்று தெரிந்துகொள்ளும் ஆசையும் இருந்தது. இல்லை என்று சொன்னால் நாக்கு அழுகிவிடும்.

இந்த முறை கதவு திறந்தது. மெக்கானிக் குளித்து, தலை சீவி, ஏதோ தேர்வுக்கு வந்தவர்போல் நின்றார். அறைக்கதவு உள்பக்கம் தாழிட்டிருந்தது. அவர் படுக்கை கூடத்தில் சுருட்டி வைக்கப்பட்டிருந்தது. மேடம் எதையும் பார்க்காதவர்போல் நேரே சமையலறைக்குப் போய், “டீ போடுங்க,” என்றார்.

பாவம், அந்த மனிதர். கெட்டிலில் தண்ணீர் பிடித்து அடுப்பில் வைக்கும் வரை ஒழுங்காகப் போயிற்று. பிறகு டீத்தூளைத் தேடினார். மேல் அலமாரியைத் திறந்தார், வெறும் காலி. நடு அலமாரியில் பழைய செய்தித்தாள். எல்லாப் பாத்திரமும் எல்லா டப்பாவும் அவருடைய தொடைக்குக் கீழே இருந்த தட்டுகளில் அடுக்கியிருந்தன. ஆறடி மனிதர் மண்டியிட்டு, ஒவ்வொரு டப்பாவாகத் திறந்து மோந்து பார்த்தார். “இங்கதான் வெச்சேன்... மாத்தி வெச்சுட்டேன் போல,” என்றார். கெட்டிலில் தண்ணீர் கொதித்துப் பாதியாக வற்றிவிட்டது. அடுப்புக்கு முன்னால் தரையில் ஒரு பலகை கிடந்தது. எழுந்தவர் அதைக் காலால் மேடைக்கு அடியில் தள்ளினார். ஒரு நொடி தாமதம். மேடம் பார்த்துவிட்டார்.

  கூரை சொட்டிய ஆறு மாதமும் இந்த மனிதர்மேல் எனக்கிருந்த கோபமெல்லாம் எங்கே போயிற்றோ தெரியவில்லை. சாட்சிக் கையெழுத்துப் போடப்போகிறவன் நான் என்பது அப்போதுதான் உறைத்தது.

“மேடம்,” என்றார் மெக்கானிக்.  “உள்ள எங்க...”

“சொல்லாதீங்க,” என்றார் மேடம். “காதுல விழுந்தா நான் எழுதணும். கண்ணுல பட்டாலும் எழுதணும். எழுதினா அப்புறம் என் கையில ஒண்ணும் இல்ல.”

“அப்ப புஸ்தகத்துல இருக்கற அளவையே போட்டுடுங்க, மேடம். எனக்கு அது போதும்.”

நானும் சும்மா இருக்காமல், “ஆமாங்க, அதையே போட்டுடுங்க. வந்த வேலை முடிஞ்சுது, கெளம்பலாம்,” என்றேன். எல்லோருக்கும் நல்லது என்றுதான் சொன்னேன். மேடம் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

“இருபது வருஷத்துக்கு அந்த மேடைதாங்க இருக்கும்,” என்றார். “இருபது வருஷம் பலகை மேல நிக்கணுமா? கொதிக்கிற பாத்திரத்தோட?”

மெக்கானிக் தலையைக் குனிந்துகொண்டார்.  மேடம் அறைக்கதவுக்குப் போய், ஒற்றை விரலால் இரண்டு தட்டு தட்டினார். குழந்தை தூங்கும் வீட்டில் பேசுவதுபோல் மெதுவாகப் பேசினார்.

“அடுப்புக்கு முன்னாடி ஒருத்தர் வந்து நிக்கணும்மா. வெறுங்கால்ல, பலகை வேணாம். கை எங்க எட்டுதோ அங்க ஒரு கோடு, முழங்கை மடங்கற எடத்துல ஒரு கோடு. போட்டுட்டு உள்ள போயிடலாம். சாக்பீஸை மேடை மேல வெச்சிருக்கேன். நானும் சாரும் சன்னலைப் பாத்துட்டு நிப்போம். வந்தது யாருன்னு எனக்குத் தெரியாது.”

 மேடம் சாக்பீஸை மேடையின் விளிம்பில் வைத்துவிட்டுக் கூடத்துச் சன்னலுக்கு வந்தார். நானும் போய்ப் பக்கத்தில் நின்றேன். வெளியே பார்க்க ஒன்றுமில்லை. எதிர்ச் சுவர், ஒரு தண்ணீர்க் குழாய், அதன்மேல் ஒரு காக்கை. மெக்கானிக் மூச்சு விடுவது கேட்டது. வெகுநேரம் ஆனதுபோல் இருந்தது; மூன்று நிமிடம் இருக்கலாம்.

தாழ்ப்பாள் நகர்ந்தது. வெறுங்கால்கள் தரையில் நடந்துவரும் மெல்லிய சத்தம். உண்மையைச் சொல்லிவிடுகிறேன், என் கழுத்து தானாகத் திரும்பியது.

மேடம் என் பக்கம் பார்க்கவில்லை. கண்ணைச் சன்னலிலேயே வைத்துக்கொண்டு, வாரியத்தின் படிவம் செருகியிருந்த அட்டையை உயர்த்தி, என் கன்னத்தோரம் மறைப்பாகப் பிடித்தார். சாக்பீஸ் சுவரில் இரண்டு தடவை உரசி, கதவு மறுபடியும் சாத்தப்படும் வரை அந்தக் கையை அவர் இறக்கவில்லை.