மஞ்சள் அரிசியில் புதைந்த கேமரா

லென்ஸைக் கழற்றிய கேமராவைத் தரை பார்க்கக் கவிழ்த்துப் பிடித்து, ரப்பர் குமிழை அமுக்கி நாலு தடவை காற்றடிக்கிறார் லோகப்பிரியா. அது முடியும்வரை யார் வந்தாலும் பேச்சில்லை. சூலூரில் அவருடைய ஸ்டுடியோவுக்குப் பின்னால் விசைத்தறிக் கூடம். ஜன்னலைத் திறந்தால் பஞ்சுத்தூசி வந்து உட்காரும். ஒருநாள் என் கேமராவை அவர் எதிரிலேயே வாயால் ஊதிவிட்டேன். "ஏனுங்க, அதென்ன சூடான காப்பிங்களா? எச்சில் தெறிச்சா கறை நிக்குமுங்க" என்று பிடுங்கிக்கொண்டார். கேமரா வைத்திருக்கும் எங்களில் பாதிப்பேர் அவரிடம் இப்படி வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள்தான்.

வயது முப்பத்தாறு. கல்யாணப் படம் எடுப்பது தொழில். கணவர் கிருபாசங்கர் செருப்பு வாங்கினால் செருப்பு அவருக்கு, பெட்டிக்குள் கிடக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலம் இவருக்கு. அவ்வளவும் லென்ஸ் டப்பாவுக்குள் போய்விடும். உப்பிய பேட்டரியை மறுபடி சார்ஜில் போடச் சொன்னால் சண்டைக்கே வந்துவிடுவார். எடுத்த படங்களை இரண்டு இடத்தில் ஏற்றாமல் கார்டில் இருந்து ஒன்றைக்கூட அழிக்க மாட்டார்.

போன வைகாசியில் கோபிசெட்டிபாளையத்தில் ஹரிதா என்ற பெண்ணுக்குக் கல்யாணம். பெண்ணின் அம்மா ராசாத்தாள் பக்கவாதம் வந்து எட்டு மாதமாக நாற்காலியோடு கிடந்தவர். தாலி ஏறிய நேரத்தில் அந்த அம்மாள் நாற்காலியின் கைப்பிடியை விட்டு எழுந்து நின்று, நல்ல கையால் அரிசி தூவிவிட்டு உட்கார்ந்துவிட்டார். எல்லோர் கண்ணும் மணமக்கள் மேல். பார்த்தவர் லோகப்பிரியா ஒருவர்தான். எடுத்ததும் ஒரே ஒரு படம்.

அதைப் பெண்ணின் அப்பா பாலுசாமியிடம் அவர் சொல்லி வாய் மூடவில்லை, பந்தியில் தண்ணீர் ஊற்றியவரின் ஜக்கு கேமராமேல் சாய்ந்தது. லோகப்பிரியா உடனே பேட்டரியை உருவினார். துணி எடுக்கப் போய்த் திரும்புவதற்குள் பாலுசாமி ஒரு காரியம் செய்திருந்தார். ஈரத்தை அரிசி இழுக்கும் என்று யாரோ சொன்ன ஞாபகத்தில், மேடையில் மிஞ்சிய அட்சதைத் தட்டில் கேமராவைப் புதைத்துவிட்டார். மஞ்சளும் நெய்யும் போட்டுப் பிசைந்த அரிசி!

"ஏனுங்க பெரியப்பா, பொங்கலா வெக்கறீங்க?"

"ஒருக்கா ஆன் பண்ணு அம்மணி. அவ நின்னத நான் பாக்கோணும்."

"ஈரத்தோட கரண்ட் ஏறுனா எல்லாம் போயிருமுங்க. மூணு நாள் பொறுங்க. படத்தோட நானே வாரேன்."

குரலில் துளி நடுக்கமில்லை. திறந்து கிடந்த பேட்டரி அறை வழியே மஞ்சள் அப்பிய கார்டை எடுத்துத் துணியில் சுற்றிக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அந்த மூன்று நாளும் வீட்டில் அவருக்குச் சோறு இறங்கவில்லை என்பது கிருபாசங்கர் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.

நாலாம் நாள், நன்றாகக் காய்ந்த கார்டைத் துடைத்துக் கம்ப்யூட்டரில் செருகினார். அத்தனை படமும் பத்திரம். கேமராதான் சர்வீஸுக்குப் போனது.

அச்சடித்த படத்தோடு கோபிக்குப் போனபோது நானும் கூடப் போனேன். பாலுசாமி படத்தைப் பார்த்துவிட்டு, துண்டால் முகத்தை மூடிக்கொண்டு வாசலுக்குப் போய்விட்டார். ராசாத்தாள் வெகுநேரம் உற்றுப் பார்த்தார்.

"இது நானா அம்மணி? நா எப்ப நின்னேன்? அந்நேரம் எனக்கு ஒண்ணுமே தெரியல."

"நின்னீங்க பெரீம்மா. நான் பாத்தேனுங்க."

ராசாத்தாள் படத்தை மேசையில் வைத்தார். மேசை விளிம்பைப் பற்றினார். முழங்கால் வெடவெடக்க, நாற்காலியிலிருந்து மெல்ல மேலெழுந்தார்.

சர்வீஸ் முடியும்வரைக்கும் வாங்கிய இரவல் கேமரா லோகப்பிரியாவின் தோளில்தான் தொங்கியது. அவர் அதைத் தொடவேயில்லை. இரண்டு கைகளையும் நீட்டி, ராசாத்தாளைப் பிடிக்காமல், ஒரு சாண் தள்ளி அப்படியே ஏந்தி நின்றார்.