அடுப்பில்லாத ஒரு வாரம்

கத்தாரில் ராஸ் லஃபான் எரிவாயு ஆலையில் வேலை பார்த்தவர்களின் குடும்பங்களுக்கு அந்த நாட்களில் இரண்டு வகை விடுமுறைதான் தெரியும். ஒன்று, வருடத்துக்கொரு தடவை ஊருக்குப் போய், உறவுக்காரர்கள் வீடு வீடாக விருந்து சாப்பிட்டு, வயிற்றைக் கெடுத்துக்கொண்டு திரும்புவது. இன்னொன்று, ஈத் லீவில் நாலைந்து குடும்பங்களாகச் சேர்ந்து கிளம்பி, சமையலறையோடு கூடிய அபார்ட்மெண்ட் எடுத்துத் தங்குவது. இரண்டாவது வகையில் ஒரு தடவை எமிரேட்ஸ் கடற்கரை ஊரான கோர்ஃபக்கானுக்குப் போயிருந்தோம். அங்கே கடல் எப்படி இருந்தது என்று கேட்டால் எனக்குத் தெரியாது. அந்த அபார்ட்மெண்ட் அடுப்பில் இடது பக்கத்து பர்னர் எரியாது என்பது தெரியும்.

ஆண்களும் பிள்ளைகளும் கடலில் ஆடிவிட்டு ஈரத் துண்டோடு உள்ளே வந்து, "சாப்பாடு ரெடியா?" என்று கேட்பார்கள். நாங்கள் ரெடியாக வைத்திருப்போம். அவர்கள் சாப்பிட்டு முடித்துச் சீட்டுக்கட்டை எடுக்கும்போது நாங்கள் ஆறிப்போன சாதத்தில் மோரை ஊற்றிக்கொள்வோம். அதற்குப் பெயர் ட்ரிப்.

மனைவிமார்களின் விசாவில் வேலை செய்ய அனுமதி இல்லை என்று அச்சடித்திருப்பார்கள். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும். வெள்ளிக்கிழமை மதியம் என்றால், குடும்பத்தை ஊரில் விட்டுவிட்டு வந்தவர்கள், கல்யாணமே ஆகாதவர்கள் என்று என் கணவருடைய டிபார்ட்மெண்ட் பேச்சலர்கள் எல்லோருக்கும் எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். நாக்கு செத்துப்போய் வருவார்கள், வயிறாரச் சாப்பிடுவார்கள், ஊர் ஞாபகத்தில் கண் கலங்குகிறவர்களும் உண்டு. ஆனால் கலங்கிய கண்ணோடு ஒருத்தர்கூடப் பாத்திரம் கழுவியதில்லை.

கரீபியன் தீவுப் பேச்சும் அப்படி ஒரு வெள்ளிக்கிழமைதான் ஆரம்பித்தது. ஆலையில் ட்ரினிடாட்காரர் ஒருவர் வேலை பார்த்தார். அவர்கள் தேசத்திலும் எரிவாயு உண்டாம். அவர் தினமும் காட்டிய தீவுப் படங்களைப் பார்த்துப் பார்த்து என் கணவருக்கும் பக்கத்து வில்லாக்காரருக்கும் ஆசை முற்றிவிட்டது. பக்கத்து வில்லாக்காரர் கோயம்புத்தூர்க்காரர், என் கணவரிடம் வேலை பழகியவர், அவரை அண்ணா என்றுதான் கூப்பிடுவார். சொந்த ஊரை விட்டுக்கொடுத்து அந்த ட்ரினிடாட்காரரே, "குடும்பத்தோடு என்றால் பார்படோஸ் போங்கள்" என்று சொல்லிவிட்டாராம். அந்த வருட லீவுக்கு இரண்டு குடும்பமும் பார்படோஸ் போவது என்று முடிவாயிற்று.

எங்கே தங்குவது என்பதில்தான் சண்டை.

என் கணவர் கம்ப்யூட்டரில் ஓர் இடத்தைத் திறந்து எல்லோரையும் கூப்பிட்டுக் காட்டினார். படம் மேலிருந்து கீழாக மெல்ல மெல்ல வந்தது. முதலில் கூரை, அப்புறம் பால்கனி, அப்புறம் ஒரு பெரிய சமையலறை. நாலு பர்னர், ஓவன், ஆளுயர ஃபிரிட்ஜ். "பாத்தியா, நம்ம வீட்டு கிச்சனை விடப் பெருசு!" என்றார். எனக்குப் பரிசு வாங்கி வந்தவர் மாதிரி அவர் முகம் மலர்ந்திருந்தது.

எனக்கு வந்த கோபத்தைக் கையில் இருந்த சாம்பார் வாளியில்தான் காட்டினேன். அதை மேஜையில் வைத்த சத்தத்தில் பேச்சலர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எனக்குக் கிச்சன் இல்லாத இடம் வேணும்" என்றேன்.

"விளையாடாத. நாம சைவம். அங்க எல்லாம் மீனும் மாடும். ஒரு ரசம் வெக்க வேண்டாமா?"

"ரசம் நீங்க வெக்கறதா இருந்தா கிச்சனோட பாருங்க. நான் வெக்கணும்னா நான் வரல. நீங்க போயிட்டு வாங்க."

கோயம்புத்தூர்க்காரர் மனைவி என் பக்கம் நிற்பாள் என்று நினைத்தேன். அவளோ பயந்துபோய், "ஏனுங்க்கா, அத்தன தூரம் போயி பட்டினி கெடக்கறதுக்கா? ஒரு ரசஞ்சாதமாச்சும் வேணுமில்லீங்க" என்றாள். அதுவே என் கணவருக்குப் போதுமானதாக இருந்தது. பேச்சலர்களைச் சாட்சியாக வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொன்னார். "சரி, இந்தத் தடவை இடம் நீ பாரு. ஆனா ஒரு நாள், ஒரே ஒரு நாள், யாராவது அரை வயித்தோட படுத்தாங்கன்னா, அதுக்கப்புறம் எந்த ட்ரிப்புக்கும் எங்க தங்கறதுன்னு நீ வாயத் திறக்கக் கூடாது."

"சரி" என்றேன். சொன்ன பிறகுதான் பயம் வந்தது. தோற்றால் ஆயுசுக்கும் அபார்ட்மெண்ட், ஆயுசுக்கும் அடுப்பு.

மகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டுத் தினமும் காலையில் தேடினேன். கடைசியில் தீவின் கிழக்குக் கரையில், ஒரு குன்றின் மேல், கெஸ்ட் ஹவுஸ் ஒன்று அகப்பட்டது. பழைய மர வீடு. அறைகளில் கட்டிலும் நாற்காலியும் தவிர ஒன்றும் கிடையாது. மூன்று வேளைச் சாப்பாடும் அவர்களே கொடுப்பார்கள். விருந்தினர் சமையலறையைப் பயன்படுத்த இயலாது என்று தனியாக ஒரு வரி போட்டிருந்தார்கள். அந்த வரியை இரண்டு தடவை படித்தேன். கோயில் வாசலில் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

டெலிபோன் கார்டு வாங்கி வந்து அந்த வீட்டுக்கார அம்மாளைக் கூப்பிட்டேன். நாங்கள் சைவம் என்றேன். "அதனாலென்ன, மீன் தருகிறேன்" என்றார். மீனும் கூடாது என்றேன். "கோழி?" என்றார். மண்ணில் விளைவது, மரத்தில் காய்ப்பது, மாடு கறப்பது, அவ்வளவுதான் என்று விளக்கினேன். கார்டில் நிமிஷங்கள் கரைந்துகொண்டிருந்தன. பிறகு, "எங்களிடம் மண்ணும் இருக்கிறது, மரமும் இருக்கிறது. நீ வா" என்று சொல்லி வைத்துவிட்டார். இந்த உரையாடலை நான் வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை.

லண்டன் வழியாக ஒரு நாள் முழுக்கப் பறந்து, ஒருவழியாக ஒரு மாலையில் அந்தக் குன்றின் மேல் போய் இறங்கினோம். நல்ல காற்று, கீழே கடல், வராந்தாவில் சாய்வு நாற்காலிகள். எல்லாம் சரி. ஆனால் வாசலில் கால் வைத்ததும் குப்பென்று மீன் வறுக்கிற மணம். வேறு விருந்தாளிகளுக்காக வறுத்துக்கொண்டிருந்தார்கள். மகள் மூக்கைப் பிடித்துக்கொண்டாள். கோயம்புத்தூர்ப் பெண் என் கையைப் பிடித்தாள். என் கணவர் என்னைப் பார்த்துச் சிரித்தார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அறைக்குப் போனதும் அவர் தன் பெட்டியைத் திறந்தார். லுங்கிக்குள் சுற்றிய பொட்டலம் ஒன்றை வெளியே எடுத்தார். எங்கள் வீட்டு எலெக்ட்ரிக் ரைஸ் குக்கர்! கூடவே பொன்னி அரிசி, புளிக்காய்ச்சல், ஊறுகாய் பாட்டில். எனக்குத் தெரியாமல் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

"எதுக்கும் இருக்கட்டும்னு..." என்றார்.

எனக்கு அழுகை வந்தது. தோற்றதற்காக இல்லை. நான் தோற்பேன் என்று அவர் அத்தனை நம்பியிருந்தாரே, அதற்காக. "நீங்களே வைங்க. நான் அரிசி கழுவக்கூட மாட்டேன்" என்று சொல்லிவிட்டுக் கட்டிலில் உட்கார்ந்துகொண்டேன்.

அடுத்த அறையிலிருந்து கோயம்புத்தூர்க்காரரும் மனைவியும் வந்து சேர்ந்தார்கள். இரண்டு எஞ்சினியர்களும் சேர்ந்து குளியலறைக் குழாயில் அரிசி கழுவினார்கள். அந்த ஊர் பிளக் வேறு மாதிரி இருக்கும் என்று என் கணவர் முன்கூட்டியே யோசித்து அடாப்டர் வாங்கி வந்திருந்தார். பெருமையாகச் செருகினார். சிவப்பு விளக்கு மங்கலாக எரிந்தது. எல்லோரும் குக்கரைச் சுற்றி உட்கார்ந்தோம். நேரம் போனது. மூடியைத் திறந்து பார்த்தார்கள், மூடினார்கள், மறுபடி திறந்தார்கள். ஆவி இல்லை, சத்தம் இல்லை. கோயம்புத்தூர்க்காரர் விரலை விட்டுப் பார்த்துவிட்டு, "அண்ணா, கொழந்தையக் குளிப்பாட்டலாமுங்க, அந்தச் சூடு" என்றார்.

என் கணவர் குக்கரைத் தூக்கி அடியில் ஒட்டியிருந்த தகட்டைப் பார்த்தார். இருநூற்று நாற்பது வோல்ட். பிறகு சுவரில் இருந்த பிளக்கைப் பார்த்தார். அந்த ஊரில் வீட்டுக்கு வருவதே அதில் பாதி வோல்ட்தான். ஆலையின் மின்சாரம் மொத்தத்துக்கும் பொறுப்பான எலெக்ட்ரிக்கல் எஞ்சினியர், பின்னை மாற்ற அடாப்டர் கொண்டுவந்தவர், வோல்டேஜை மறந்துவிட்டார்.

"கலாஸ்!" என்று கோயம்புத்தூர்க்காரர் கையை விரித்தார். அந்த அரபு வார்த்தைக்கு எல்லாம் முடிந்தது என்று அர்த்தம். நான் சிரிக்க ஆரம்பித்தேன். அவருடைய மனைவியும் சிரித்தாள். இரண்டு பேரும் கட்டிலில் விழுந்து விழுந்து சிரித்தோம். என் கணவர் குக்கரை மடியில் வைத்துக்கொண்டு, "அப்ப ராத்திரிக்கு என்ன பண்றது?" என்றார். நிஜமாகவே கவலைப்பட்டார். எனக்கும் உள்ளூரக் கவலைதான். என் ஆயுசுத் தீர்ப்பு இன்னும் கொஞ்ச நேரத்தில் தெரிந்துவிடும்.

கீழே மணி அடித்தது. போனோம்.

எங்களுக்கென்று தனியாக, மீன் மேஜையிலிருந்து தள்ளி, வராந்தாவில் போட்டிருந்தார்கள். அந்த அம்மாள் ஒவ்வொன்றாகக் கொண்டுவந்து வைத்தார். பச்சைத் துவரை போட்டுத் தேங்காய்ப்பாலில் வேகவைத்த சாதம். சோளமாவில் வெண்டைக்காய் சேர்த்துக் கிளறிய களி. நேந்திரம் மாதிரி ஒரு பழத்தை வறுத்த வறுவல். பூசணி அப்பம். குட்டிப் பலாக்காய் மாதிரி இருக்கும் சீமைப்பலாவை நெருப்பில் சுட்டு வெண்ணெய் தடவியது. ஓரத்தில் ஒரு கிண்ணத்தில் மஞ்சள் நிறத்தில் மிளகாய்ச் சாந்து. ஆந்திராக்காரர்களையே அழவைக்கும் காரம்.

என் கணவர் களியை ஒரு வாய் எடுத்துப் போட்டார். நான் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டாவது வாய் எடுத்தார். மூன்றாவதுக்கு ஸ்பூனைக் கீழே வைத்துவிட்டுக் கையால் பிசைந்தார். அப்பாடா என்றிருந்தது.

அன்றைக்கு யாரும் அரை வயிற்றோடு படுக்கவில்லை. அதற்கடுத்த நாளும் இல்லை. ஒவ்வொரு வேளையும் அந்த அம்மாள் மண்ணிலிருந்தும் மரத்திலிருந்தும் எதையாவது பறித்துவந்து எங்களை அசத்தினார்.

பழக்கம் மட்டும் என்னை விடவில்லை. காலையில் சாப்பிட்டதும் தட்டுகளை அடுக்கிக்கொண்டு சமையலறைப் பக்கம் போனேன். அந்த அம்மாள் வாசலிலேயே மறித்து, தட்டுகளை வாங்கிக்கொண்டு, "இது என் இடம். உன் இடம் அங்கே" என்று வராந்தா நாற்காலியைக் காட்டினார். போய் உட்கார்ந்தேன். கையை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. மகள் ஓடிவந்து அதிசயமாகப் பார்த்து, "அம்மா, யூ ஆர் நாட் டூயிங் எனிதிங்!" என்றாள்.

ஆமாம் என்றேன். கடலைப் பார்த்தேன். அந்தப் பக்கத்துக் கடல் நம் வளைகுடா மாதிரி அடங்கிக் கிடக்காது. பெரிய பெரிய அலைகள் கரும்பாறைகளில் மோதி வெள்ளையாகச் சிதறும். காற்றில் உப்பு வந்து உதட்டில் ஒட்டும். மதியம் வரைக்கும் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். யாரும் என்னிடம் ரெடியா என்று கேட்கவில்லை. எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

கோயம்புத்தூர்ப் பெண் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தாள். பட்டினி கிடப்போம் என்று பயந்தவள். என் காதோடு, "அக்கா, கண்ணாலமாயி வந்ததுக்கப்பறம் இங்கதானுங்க சூடா ஒரு வாய் சாப்புட்டிருக்கறன்" என்றாள். ரசத்தைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேச்செடுக்கவே இல்லை.

வாரக் கடைசியில் என் கணவருக்குப் பேண்ட் பட்டன் போட முடியவில்லை. வயிற்றை எக்கிக்கொண்டு கண்ணாடி முன் நின்றவர், "சரி, ஜெயிச்சிட்ட. இனிமே எங்க போனாலும் இடம் நீதான் பாக்கற" என்றார். பேச்சலர்கள் முன்னாலும் இதைச் சொல்ல வேண்டும் என்றேன். சொல்கிறேன் என்றார்.

அன்றைக்குத்தான் எங்களுக்குக் கடைசி நாள். மதியம் அந்த அம்மாள் எங்கள் மேஜைக்கு வந்து, என் தோளில் கை வைத்து, "இன்றைக்கு இரவு உனக்குப் பிடித்ததைச் சமைக்கிறேன். என்ன வேண்டும்?" என்று கேட்டார்.

நான் ஆரம்பித்தேன். அவருக்குக் காரம் குறைவாக இருக்க வேண்டும், மகளுக்குப் பூசணி ஆகாது, இவர்களுக்குத் தேங்காய் கொஞ்சம் கூடுதலாக...

"அவர்களைக் கேட்கவில்லை. உனக்கு என்ன பிடிக்கும்?"

வாயைத் திறந்தேன். உதவிக்குக் கணவரைப் பார்த்தேன். அவர் மகளைப் பார்த்தார். மகள் என்னைப் பார்த்தாள். மூன்று பேருக்கும் தெரியவில்லை. அந்த அம்மாள் கையை எடுக்காமல் காத்துக்கொண்டு நின்றார்.

"சுட்ட சீமைப்பலா" என்றேன் கடைசியில். "வெண்ணெய் நிறைய. அந்த மஞ்சள் சாந்தும் நிறைய. யாருக்காகவும் காரத்தைக் குறைக்க வேண்டாம். முதல் தட்டு எனக்கு வேண்டும்."

சாயங்காலம் முதல் தட்டு எனக்கு வந்தது. மற்றவர்கள் வெறும் மேஜையில் கையை வைத்துக்கொண்டு காத்திருந்தார்கள். மூக்கிலும் கண்ணிலும் நீர் வழிய, சூடு ஆறுவதற்குள், அவசரப்படாமல், அவ்வளவையும் சாப்பிட்டு முடித்தேன். பிறகுதான் அவர்களுக்கு வந்தது.