டாக்டரம்மா வாங்காத மூன்று ரூபாய்

அன்று குன்னூர் கிளினிக்கில் இருந்தது ஐந்து பேர். உள்ளே டாக்டரம்மா, கம்பவுண்டர், என் வீட்டுக்காரர், நான். வெளியே பெஞ்சில் மஃப்ளர் சுற்றிய ஒரு சோலூர்க்காரர்.

என் வீட்டுக்காரருக்கு எஸ்டேட் பாக்டரியில் வேலை. தேயிலைத் தூசியால் வந்த இருமல் என்றுதான் இருந்தோம். சளியில் ரத்தம் கண்டதும் குன்னூருக்கு இழுத்து வந்தேன். டாக்டரம்மா எக்ஸ்ரேயை ஜன்னலில் பிடித்துப் பார்த்துவிட்டு கம்பவுண்டரிடம் இங்கிலீஷில் ஏதோ சொன்னார். நான் ஐந்தாவதோடு நின்றவள். நல்ல சேதி என்றால் தமிழிலேயே சொல்லியிருக்கலாமே?

"டி.பி.ங்க. ஆறு மாசம் விடாம மாத்திரை சாப்பிட்டா சரியாயிரும்" என்றார் எங்களிடம். பீஸ் பத்து ரூபாய். கொடுத்தேன். ஏழு ரூபாயை எடுத்துக்கொண்டு மூன்றைத் திருப்பித் தந்தார். "இத அடுத்த தடவ குடுங்க."

வெளியே வந்து, மூன்று ரூபாய் திரும்பி வந்ததைச் சோலூர்க்காரரிடம் சொன்னேன்.

"எங்கண்ணனுக்கு ஒரு டாக்டரு காசே வேண்டாம்னுட்டாருங்க. ஊட்டுக்குக் கூட்டிட்டுப் போயி கேட்டதெல்லாம் ஆக்கிக் குடுங்கன்னாரு. அந்த வாரமே முடிஞ்சுது. உங்களுக்கு ஏழாவது வாங்கியிருக்காங்களே."

"அப்ப முக்கால் உசுரு மிச்சமிருக்குதுங்க" என்று என் வீட்டுக்காரர் இருமலோடு சிரித்தார்.

எனக்குச் சிரிப்பு வரவில்லை. திரும்ப உள்ளே போய் மூன்று ரூபாயை மேசையில் வைத்தேன். "இதையும் எடுத்துக்கங்க. உள்ளதச் சொல்லிப்போடுங்க, பொழப்பாருங்களா?"

"பொழப்பாருங்க. இருமல் நின்னதும் மாத்திரைய விட்டுட்டு யாரும் வர்றதில்ல. பாக்கி வெச்சா நீங்க வந்துருவீங்க, அதுக்குத்தான்" என்று மூன்றை என் பக்கமே தள்ளினார்.

பாதிதான் நம்பினேன். ஒவ்வொரு தடவையும் பழைய மூன்றைக் கட்டினோம். புதிதாக மூன்றை நிறுத்தி வைத்தார். இரண்டாம் மாதம் இருமல் நின்றது. "இனி எதுக்கு பஸ்ஸுக்குத் தண்டம்?" என்றார் இவர். "ஒரு பொம்பளைக்குக் கடன் வெச்சுட்டு எஸ்டேட்ல தலை நிமிந்து நடப்பீங்களா?" என்று கேட்டுத்தான் கூட்டிப்போனேன்.

ஆறாம் மாதம் புது எக்ஸ்ரே. "சுத்தமாயிருச்சுங்க" என்றார் டாக்டரம்மா. அன்றைக்கும் மூன்று ரூபாயைத் தள்ளி வைத்தார். "வருசம் திரும்பி ஒருக்கா வந்து காட்டிட்டுக் குடுங்க."

சுத்தமானவரை எதற்குக் காட்டுவது? வழியெல்லாம் அதே யோசனை. வருடம் திரும்பிப் போனபோது கதவு பூட்டியிருந்தது. டாக்டரம்மா கோயம்புத்தூர்ப் பக்கம் போய்விட்டார் என்றார்கள்.

இவர் நன்றாகத்தான் இருக்கிறார். ஆனாலும் பனிக்காலத்தில் ஒரு தடவை இருமினால் போதும், எனக்கு அதுதான் ஞாபகம் வருகிறது. பாக்கி மூன்று ரூபாய்.