கறுப்பு வட்டத்துக்கு எதிரே ஒரு பெஞ்சு

1. முதல் நாள் விதிகள்

வேலைக்குச் சேர்ந்த அன்று கலைக்கூடத்து டைரக்டர் எனக்குச் சொன்ன முதல் விதி: "படத்தைத் தொடாதே, யாரையும் தொட விடாதே." இரண்டாவது விதி: "எந்தப் படத்துக்கு முன்னாலும் சிரிக்காதே." முதல் விதியைக் காப்பாற்றுவது சுலபமாக இருந்தது. தொடுவதற்கு ஆள் வந்தால்தானே? இரண்டாவதற்குத்தான் ரொம்பவும் கஷ்டப்பட்டேன்.

இது அறுபதுகளில் நடந்தது. பம்பாய் ஃபோர்ட் பகுதியில் ஒரு பெரிய கலைக்கூடத்தில் கேலரி அசிஸ்டென்டாக இருந்தேன். பெயர்தான் பெரிது. லேபிள் ஒட்டுவது, சுவரில் மாட்டும்போது படம் நேராக இருக்கிறதா என்று தள்ளி நின்று சொல்வது, ஓப்பனிங் அன்று பிரமுகர்களுக்கு ஷர்பத் கொடுப்பது, இவைதான் வேலை. எனக்குத் துணையாக அட்டெண்டண்ட் சுப்பையா இருந்தார். தாராவிக்காரர், திருநெல்வேலிப் பக்கம். ஸ்டூலில் உட்கார்ந்து கண்ணைத் திறந்துகொண்டே தூங்குவார். அந்த வித்தையை எனக்குக் கடைசிவரை கற்றுத்தரவில்லை.

டைரக்டர் லண்டனில் படித்துவிட்டு, ஒரு பைப்போடும் ஒரு கவலையோடும் திரும்பி வந்தவர். இந்த நகரத்து ஜனங்களுக்குப் படம் பார்க்கத் தெரியவில்லை என்பதே அந்தக் கவலை. மழைக்காலத்தில் மட்டும் கூட்டம் கொஞ்சம் கூடும். "கவனித்தாயா ராமன், மழை வந்தால் மக்களுக்குக் கலை உணர்ச்சி பொங்குகிறது!" என்பார். குடை கொண்டுவராதவர்கள் வருகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. அவர் பேசியதெல்லாம் இங்கிலீஷ். நான் தமிழில் எழுதுகிறேன். பைப் புகையை நீங்களே சேர்த்துக்கொள்ளுங்கள்.

2. "ஃபேன் உண்டோ?"

நாங்கள் மாட்டுங்காவில் இருந்தோம். ஒரு ரூம், ஒரு கிச்சன், வெளியே மாடி முழுவதற்கும் பொதுவான வராந்தா. பெண் பார்க்க ஒரு கோஷ்டி வந்தால் அந்த வராந்தாவில் இருபது தலைகளாவது எட்டிப்பார்க்கும். சொஜ்ஜி கிளறும் வாசனையிலேயே கட்டடம் முழுவதும் செய்தி போய்விடும். பிள்ளை வீட்டார் "ஊருக்குப் போய் லெட்டர் போடறோம்" என்று சொல்லிவிட்டுப் படியிறங்கினால், அந்தச் செய்தி இன்னும் வேகமாகப் போகும்.

கிருஷ்ணமூர்த்தி மாமா ரயில்வேயில் ரிடையரானவர். மாட்டுங்காவில் பாதி ஜாதகங்கள் அவர் கைப்பையில்தான் இருக்கும். ஒரு நாள் என்னைக் கோவில் வாசலில் பிடித்தார்.

"ஏண்டா, உங்க மியூசியத்துல ஃபேன் உண்டோ?"

"உண்டு மாமா."

"உக்கார எடம்?"

"நடு ஹாலில் ஒரு பெஞ்சு இருக்கு."

"ஞாயித்துக்கிழமை டிக்கெட்?"

"இலவசம்."

மாமாவின் முகம் மலர்ந்தது. அடுத்த ஞாயிறு முதல் வேலை தொடங்கியது. பெண் வீட்டார் இடப்பக்கமாகப் படம் பார்த்துக்கொண்டு வருவார்கள். பிள்ளை வீட்டார் வலப்பக்கமாக வருவார்கள். நடு ஹாலில், ஃபேனுக்குக் கீழே, பெஞ்சு பக்கத்தில் தற்செயலாகச் சந்திப்பார்கள். "அடடே, நீங்களா!" என்பார் மாமா, இரண்டு பக்கத்தையும் அவரே ஏற்பாடு செய்துவிட்டு. சொஜ்ஜி செலவு இல்லை, வராந்தா இல்லை. பிடிக்காவிட்டால் படம் பார்த்ததாகப் பேர். இந்த வசதி தெரிந்ததும் செம்பூர், கல்யாண் குடும்பங்களும் வரத் தொடங்கின.

3. டைரக்டர் கண்டுபிடித்தது

அந்தப் பெஞ்சுக்கு எதிர்ச் சுவரில் அப்போது ஒரு நவீன ஓவியக் கண்காட்சியின் மிகப் பெரிய கேன்வாஸ் தொங்கியது. வெள்ளைப் பின்னணியில் ஒரு கறுப்பு வட்டம், அதன் கீழே ஒரு சிவப்புக் கோடு. வேறு ஒன்றுமில்லை. ஃபோர்ட் ஆபீஸ்காரர்கள் அதைத் தாண்டி நடக்கும்போது வேகத்தைக்கூடக் குறைப்பதில்லை.

எங்கள் ஆட்களோ அதன் முன்னால் அரை மணி நேரம் நிற்பார்கள். பட்டுப்புடவையும் வேஷ்டியுமாக, பேசாமல், பரவசமாக. ஒருவர் தலையைச் சாய்ப்பார். ஒருவர் இரண்டடி பின்னால் போய்ப் பார்ப்பார். பெண்ணின் உயரத்தைப் பிள்ளையின் உயரத்தோடு ஒப்பிடுகிறார் என்று எனக்குத் தெரியும். டைரக்டருக்குத் தெரியாது.

"ராமன், உங்கள் மக்கள் அசாதாரணமானவர்கள்! கோவில் சிற்பங்களைப் பார்த்துப் பார்த்துப் பழகிய கண்கள். ஒரு வட்டத்தில் பிரபஞ்சத்தையே காண்கிறார்கள்."

"யெஸ் சார்."

"சில பெண்களுக்குக் கண்ணே கலங்கிவிடுகிறது."

"யெஸ் சார்." அது பிள்ளைக்குத் தலைமுடி கொட்டியிருப்பதைப் பார்த்த பெண்.

அவர் இதைப் பற்றி ஒரு சொற்பொழிவு ஆற்றினார். ஓர் இங்கிலீஷ் பத்திரிகையின் கலை விமர்சகர், நவீன ஓவியத்துக்குத் தென்னிந்திய மனம் இயல்பாகவே திறந்திருப்பதாக எழுதினார். படம் வரைந்த ஓவியர், தாடியும் ஜிப்பாவுமாக ஒரு ஞாயிறு வந்து தூணுக்குப் பின்னால் நின்று பார்த்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனார். என்ன நடக்கிறது என்பதைச் சுப்பையா முதல் வாரமே கண்டுகொண்டார்.

"இவுக ஒருத்தரும் படத்தப் பாக்கலயே சார். பொண்ணுல்லா பாக்காக. தொரைக்குச் சொல்லலாமா?"

"வேண்டாம் சுப்பையா. சந்தோஷமா இருக்கார்."

"அதுஞ் சரிதான். படத்த வரைஞ்ச மகராசனும் சந்தோசமா இருக்காரு. நமக்கென்ன." அவர் மறுபடி கண்ணைத் திறந்துகொண்டு தூங்கப் போய்விட்டார்.

4. அக்காவின் முறை

அடுத்தது என் அக்கா சரோஜா. ஃபோர்ட்டில் ஒரு இன்ஷூரன்ஸ் ஆபீஸில் டைப்பிஸ்ட். அப்பா போனபிறகு வீட்டை நிறுத்தியவள் அவள்தான். கல்யாண வயது தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது, வந்த வரன் ஒன்றும் நிலைக்கவில்லை. "இதுவும் தட்டிப்போனா நான் உசிரோட இருந்து என்ன பிரயோஜனம்" என்று அம்மா ஒவ்வொரு தடவையும் சொல்வாள்.

அக்காவுக்குச் சோடாபுட்டிக் கண்ணாடி. பெண் பார்க்க யாராவது வந்தால் அம்மா அதைக் கழற்றி அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்துவிடுவாள். அக்கா தட்டை ஏந்தித் தடவித் தடவி வருவாள். அதை அடக்கம் என்று எடுத்துக்கொள்வார்கள். ஒரு தடவை பிள்ளையின் சித்தப்பாவைப் பிள்ளை என்று நினைத்துக்கொண்டு, "வயசு ரொம்ப ஜாஸ்தியா இருக்கேடா" என்று கிச்சனில் அழுதாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு, அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்து கண்ணாடியை எடுத்து அவளிடம் கொடுத்தேன்.

இந்தத் தடவை செம்பூர் வரன். பேங்க் வேலை, ஒரே பிள்ளை. பார்க்கும் இடம் எங்கள் நடு ஹால். கிளம்பும்போது அம்மா வழக்கம்போல் கண்ணாடிக்குக் கையை நீட்டினாள்.

"படம் பாக்கப் போற பொண்ணு கண்ணாடி போட்டுக்காம எப்படிம்மா?" என்றாள் அக்கா. "அப்புறம் பொண்ணு பாக்கத்தான் வந்தோம்னு தெரிஞ்சுபோயிடாதோ?"

அம்மா, கூட்டிப்போக வந்திருந்த மாமாவைப் பார்த்தாள். மாமாவே ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

ஹாலில் எல்லாம் முறைப்படி நடந்தது. "அடடே, நீங்களா!" என்றார் மாமா. பிள்ளை நல்ல நிறம், மடிப்புக் கலையாத சட்டை. அவருடைய அம்மா அக்காவைத் தலை முதல் கால் வரை பார்த்தாள், கண்ணாடியில் மட்டும் பார்வை கொஞ்சம் அதிக நேரம் நின்றது. அக்கா நிமிர்ந்து நின்று பிள்ளையைப் பார்த்தாள். கலைக்கூடத்தில் நிமிர்ந்து பார்க்கும் பெண்ணை யார் குறை சொல்ல முடியும்? இந்த வரன் அமைந்துவிட வேண்டும் என்று மட்டும் வேண்டிக்கொண்டேன்.

அப்போதுதான் டைரக்டர் ஓவியரையும் அழைத்துக்கொண்டு நேராக எங்களிடம் வந்தார். ரசிகர்களின் வாயாலேயே கேட்டுவிட வேண்டும் என்று ஆசை வந்துவிட்டது அவருக்கு. பைப்பை எடுத்துவிட்டுப் பிள்ளையிடம் மிகுந்த மரியாதையோடு கேட்டார்: "இந்தப் படத்தில் உங்களுக்கு என்ன தெரிகிறது?"

பிள்ளை அப்போதுதான் சுவரில் ஒரு படம் இருப்பதையே பார்த்தார். உடனே திரும்பினார்.

"அம்மா, என்ன சொல்லட்டும்?"

"நன்னா இருக்குன்னு சொல்லுடா."

"வெரி குட், சார்."

"எது உங்களைத் தொட்டது? வட்டமா, கோடா?"

பிள்ளை மறுபடி திரும்பினார். "அம்மா?"

"எல்லாம்தான்."

"எவ்ரிதிங், சார்."

ஓவியர் கையைக் கூப்பினார். டைரக்டர் அக்காவிடம் திரும்பினார். "உங்களுக்கு?"

அக்கா யாரையும் பார்க்கவில்லை. கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படத்தின் அருகே போனாள். அத்தனை ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் ஆட்களில் அந்தப் படத்தை உண்மையாகவே பார்த்த முதல் ஆள் அவள்தான். ஆபீஸ் இங்கிலீஷில் நிதானமாகச் சொன்னாள்: "எனக்குப் புரியவில்லை, சார். ஆனால் அந்தச் சிவப்புப் பிடித்திருக்கிறது. வட்டம் இந்தப் பக்கம் கோணலாக இருக்கிறது. வேண்டுமென்றே போட்டதா?"

ஓவியர் சற்று நேரம் தாடியைத் தடவினார்.

"இல்லை. அன்றைக்கு எனக்குத் தோள்பட்டை வலி."

டைரக்டர் இதைக் காதில் வாங்காத மாதிரி பைப்பைப் பற்றவைத்துக்கொண்டார். அம்மா என் கையைக் கிள்ளினாள். எல்லாம் கெட்டது என்று இருவரும் நினைத்தோம்.

5. பதில்

கெடவில்லை. அன்று சாயங்காலமே மாமா மூச்சிரைக்கப் படியேறி வந்தார். "அவாளுக்குப் பூரண சம்மதம்! கண்ணாடியைக்கூட மன்னிச்சுட்டா. சம்பாதிக்கிற பொண்ணு, அடுத்த மாசமே முடிச்சுடலாங்கறா."

அம்மா சுவாமி படத்தின் முன் விழுந்து கும்பிட்டாள். எழுந்து திரும்பியபோது அக்கா சொன்னாள்: "எனக்கு வேண்டாம்மா."

அம்மா அழுதாள், திட்டினாள், அக்காவின் காலைத் தொடக்கூடக் குனிந்தாள். எனக்கும் கோபம் வந்தது. "இத்தனை வருஷம் யார் வந்தாலும் சரின்னே. இப்ப என்ன வந்துடுத்து?" என்று கேட்டேன்.

"இத்தனை வருஷம் வந்தவா எல்லாரும் எனக்கு வெறும் வெள்ளைச் சட்டைடா. அதுக்கு எப்படி வேண்டாம்னு சொல்றது? இவரைத்தான் முதல்முதலாப் பாத்தேன்."

"அவ சொல்றது சரிதாம்மா" என்றேன் அம்மாவிடம். மாமா செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிவிட்டார். அம்மா பல நாள் எங்கள் இருவரிடமும் பேசவில்லை.

கண்காட்சி முடிந்ததும், மக்களின் ஆதரவைக் காரணம் காட்டி டைரக்டர் அந்தப் படத்தைக் கலைக்கூடத்துக்கே வாங்க வைத்தார். அதனால் பெஞ்சும் இருந்தது, ஃபேனும் இருந்தது, மாமாவும் கோபம் தணிந்து வந்தார். ஒன்றரை வருஷம் கழித்துக் கல்யாண் பக்கத்து வரன் ஒன்று அமைந்தது. ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் டிராஃப்ட்ஸ்மேன், ஸ்கேல் வைத்து இயந்திரப் படம் வரைகிற வேலை. அக்கா ஒரு நிபந்தனை போட்டாள். இந்தத் தடவை கேள்வியை டைரக்டர் கேட்க வேண்டாம், அவளே கேட்பாள்.

கேட்டாள். "இந்தப் படத்துல உங்களுக்கு என்ன தெரியறது?"

அவர் தன் அம்மா பக்கம் திரும்பவில்லை. பேண்ட் பைக்குள் கையை விட்டு ஒரு கூட்டை எடுத்தார். அதிலிருந்து அக்காவுடையதைவிடத் தடிமனான ஒரு கண்ணாடி வந்தது.

"டேய், அதை எதுக்குடா எடுக்கறே!" என்று அவருடைய அம்மா பதறினாள்.

"கேக்கறாளேம்மா, பாத்துட்டுத்தானே சொல்லணும்?"

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படத்தைப் பார்த்தார். "வட்டம் கோணல்," என்றார். பிறகு அப்படியே திரும்பி அக்காவைப் பார்த்தார், ரொம்ப நேரம். சுப்பையாவே அன்று ஸ்டூலை விட்டு எழுந்துவிட்டார்.

கேலரி வேலைக்கு வரும் இளைஞர்களுக்கு நான் சொல்லக்கூடியது இவ்வளவுதான். லைட்டைச் சரியாகப் போடுங்கள், பெஞ்சை ஃபேனுக்குக் கீழே போடுங்கள். வந்தவர்களிடம் என்ன தெரிகிறது என்று போய்க் கேட்காதீர்கள், அது அவர்கள் பாடு. கல்யாணம் செய்துகொள்ளப் போகிறவரை மட்டும் கட்டாயம் கேளுங்கள். கேட்கும்போது கண்ணாடியைக் கழற்றாதீர்கள்.