சேஷாத்ரியின் இஞ்சினும் ஒரு சந்தனப் பொட்டும்

செய்தி வந்தபோது நான் புத்தூரில் ஒரு சலூனில் உட்கார்ந்திருந்தேன். ஒரு கன்னம் முடிந்திருந்தது. மறு கன்னத்தில் நுரை. நம் ஆபீஸ் பியூன் மாணிக்கம் சைக்கிளை வாசலில் போட்டுவிட்டு உள்ளே வந்தார்.

“ஐயா, நம்ம சேஷாத்ரி சார் போயிட்டாருங்க. காலைல காப்பி கேட்டாராம். கொண்டாரதுக்குள்ள முடிஞ்சிடுச்சாம்.”

சலூன்காரர் கையை நிறுத்தி, “யாருங்க, அந்த இஞ்சின் ஐயரா?” என்றார். ஐயங்கார் என்று திருத்தியிருப்பேன். ஆனால் கத்தி கழுத்தருகே இருந்தது.

ஆபீஸில் நடந்த இரங்கல் கூட்டத்துக்கு ஆபீஸ் நண்பர்கள் நீங்கள் எல்லோரும் வந்திருந்தீர்கள். அன்னாரின் இடம் ஈடு செய்ய முடியாதது என்று தீர்மானம் நிறைவேற்றினோம். மின்விசிறிக்குக் கீழே இருந்த அந்த இடம் மறுநாள் காலையிலேயே ஈடு செய்யப்பட்டுவிட்டது. எந்தக் காகிதத்தையும் மேஜையில் தூங்கவிடாத தலைமை குமாஸ்தா என்று அவரை உங்களுக்குத் தெரியும். ஸ்ரீரங்கத்தில், உத்தர வீதி வீட்டின் கொல்லைப்புறக் கொட்டகையில் இருந்த சேஷாத்ரியைப் பற்றித்தான் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது.

அங்கே தையல் மெஷின் போலக் காலால் மிதித்து இரும்பைக் கடைகிற ஒரு பழைய லேத் இருந்தது. நயா பைசா புழக்கத்துக்கு வந்த சமயத்தில் ஒரு நீராவி இஞ்சின் செய்யத் தொடங்கினார். மொத்த நீளம் ஒரு சாண். “இது எதுக்கு உதவும்?” என்று கேட்டேன். “ஓய், சுத்தும்,” என்றார். சர்க்கார் மில்லிமீட்டருக்கு மாறிய பிறகும் அவர் அங்குலத்திலேயே இருந்தார். பாதியில் அளவை மாற்றினால் பாதி இஞ்சின்தான் சுற்றும் என்பது அவர் கட்சி. சிலிண்டரின் உட்புறத்தை வழவழப்பாக்க மட்டும் ஒரு வருஷம் ஆயிற்று. நான் பொறுமையிழந்தால், “அவசரம்னா பஸ் ஸ்டாண்டுக்குப் போம். இங்கே வராதேயும்,” என்பார்.

லேத்தை மிதிப்பவர் மாமி, அவருடைய மனைவி. சேஷாத்ரி உளியைப் பிடிக்க, மாமி முக்காலியில் உட்கார்ந்து மிதிப்பார்.

“அழுத்தறேள்.”

“நான் எங்கே அழுத்தறேன்?”

“என் காலைக் கேளுங்கோ. கனக்கறது.”

அளந்து பார்ப்பார். மாமியின் கால் சொன்னது சரியாக இருக்கும். மனைவிக்கு அடங்கிய கணவர்கள் பலரை நான் அறிவேன். அளந்து பார்த்துவிட்டு அடங்கியவர் இவர் ஒருவர்தான்.

ஆறு வருஷத்துக்கு முந்தைய ஆயுத பூஜை. ஆபீஸ் பூஜை என் பொறுப்பு என்பது உங்களுக்கு நினைவிருக்கும். டைப்ரைட்டர், ரப்பர் ஸ்டாம்பு, குண்டூசி டப்பா எதையும் நான் விட்டதில்லை. அடுத்த வாரம் போகும் உத்தரவுகள் எல்லாம் மங்களகரமாக மணக்கும். அந்த உற்சாகம் தீராமல் மிச்சச் சந்தனத்தோடு ஸ்ரீரங்கம் போனேன். சேஷாத்ரி கோயிலுக்குப் போயிருந்தார். மாமி சமையலறையில் இருந்தார். லேத்துக்கு மாமி ஏற்கெனவே பொட்டு வைத்திருந்தார். இஞ்சினின் பாகங்கள் வெள்ளைத் துணியில் பரப்பிக் கிடந்தன. சிலிண்டரின் தட்டையான முகத்தில் ஒரு சிறு துவாரம். பொட்டுக்கென்றே வைத்த இடம் போல இருந்தது. வைத்தேன். நீராவி உள்ளே போகும் வழி அது என்று எனக்குத் தெரியாது. கல்லில் அரைத்த சந்தனத்தில் கல்லும் கொஞ்சம் இருக்கும் என்பதை நான் யோசிக்கவும் இல்லை.

மறுநாள் விஜயதசமி. சேஷாத்ரி பாகங்களை எல்லாம் துடைத்துத்தான் ஒன்றோடொன்று பூட்டினார். துவாரத்துக்குள் போய்க் காய்ந்திருந்தது துணிக்கு எட்டவில்லை. சாயங்காலம் பாய்லரின் கீழ் விளக்கை ஏற்றினார். சக்கரம் ஒரு முறை தயங்கிவிட்டுச் சுற்றியது. “சுத்தறதே!” என்று மாமி சிரித்தார். மூன்று நிமிஷம் சுற்றியிருக்கும். பிறகு ஒரு கீறல் சத்தம், சீறல், நின்றுவிட்டது.

பிரித்துப் பார்த்தார். ஒரு வருஷம் தேய்த்த சிலிண்டருக்குள் நகத்தால் பிறாண்டியது போல் நீளக் கோடுகள். ஓரத்தில் ஒட்டியிருந்ததை விரலில் எடுத்து முகர்ந்தார். “சந்தனம்.”

மாமியின் முகம் வெளுத்தது. “லேத்துக்கு நான்தான் வெச்சேன். இதுலயும் கை பட்டிருக்கும்.”

“பரவாயில்லை,” என்றார் அவர்.

என் வாயில் சுண்டல் இருந்தது. அதை விழுங்கிய பிறகும் நான் பேசவில்லை.

தன் கைக்கு ராசியில்லை என்று மாமி அதன்பின் கொட்டகைக்குள் வரவில்லை. சிலிண்டரின் உள்ளே இன்னும் அரை நூல் அளவு கடைந்து, பெரிய பிஸ்டன் ஒன்று செய்து போட்டால் இஞ்சின் சரியாகிவிடும். மிதிக்கத்தான் ஆள் இல்லை. நான் மிதிக்கிறேன் என்றேன். அரை மணி நேரம் பொறுத்துக்கொண்டார். “ஓய், உம்ம காலுக்கு ஆபீஸ் பழக்கம். நடுநடுவுல காப்பிக்குப் போயிடறது.”

“மாமியைக் கூப்பிட வேண்டியதுதானே?”

“கூப்பிட்டா வருவா. தப்புக்குப் பரிகாரம்னு வருவா. அப்படி அவ மிதிக்க வேண்டாம்.”

அந்த நிமிஷத்தில் ஒரு வாக்கியம் போதுமாயிருந்தது. வாக்கியங்கள் எழுதிப் பெயர் வாங்கியவன் நான். ஞாயிறுதோறும் போனேன். காவிரிப் பாலத்தில் வாக்கியம் தயாராகிவிடும். மாம்பழச் சாலையில் அதில் ஒரு திருத்தம் செய்வேன். மொட்டைக் கோபுரத்தருகே பஸ்ஸைவிட்டு இறங்கும்போது, அடுத்த ஞாயிறுக்கு ஒத்திவைக்கப்பட்டிருக்கும். ஆபீஸில் எந்தக் கோப்பையும் நான் இத்தனை காலம் நிலுவையில் வைத்ததில்லை. ஆறு வருஷம் அந்த லேத் சும்மா நின்றது. அவர் மாமியைக் கூப்பிடவில்லை. மாமி தானாகப் போகவில்லை.

பதிமூன்றாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் போன பிறகு அந்த வாக்கியத்தை மாமியிடம் சொன்னேன். திருத்தம் எதுவும் செய்யவில்லை. கோபித்துக்கொள்வார் என்று நினைத்தேன். அதற்குத் தயாராக வந்திருந்தேன்.

“ஒவ்வொரு ஞாயித்துக்கிழமையும் வந்தேளே,” என்றார். அவ்வளவுதான். எழுந்து போய்க் காப்பி கொண்டுவந்து வைத்தார்.

இஞ்சினை எடுத்துக்கொள்ளச் சொன்னார். அதற்கு எனக்கு யோக்கியதை இல்லை. சேஷாத்ரியிடமிருந்து என்னிடம் இருப்பது அந்த மூன்று நிமிஷம்தான். ஐந்து வருஷம் பாடுபட்டு அது சுற்றியபோது அவர் இஞ்சினைப் பார்க்கவில்லை; மாமி சிரிப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தார். மாமியின் கண் சக்கரத்தில் இருந்தது. அதனால் இதைக் கண்டவன் நான் ஒருவன்தான். இதை மட்டும் அன்றே, காப்பி ஆறுவதற்குள், மாமியிடம் சொல்லிவிட்டேன்.